கொலுசுப் பட்டறை மேசையில் வீட்டு டப்பாக்கள்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்க

சேலத்தில் கொலுசுப் பட்டறை என்றால் பல இடங்களில் வீட்டின் முன்னறைதான். செவ்வாய்ப்பேட்டைச் சந்தானாலும் சரி, சிவதாபுரம் பக்கமானாலும் சரி, பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு நிலைப்படி. அதனால் சலங்கை போட்டு வைக்க டப்பா வேண்டுமென்றால் யாரும் கடைக்குப் போவதில்லை. கை தானாகவே அடுப்படிப் பக்கம் நீளும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, பழைய அஞ்சறைப்பெட்டி, மருந்து டப்பா என்று என் மேசையில் இருப்பவை எல்லாமே அப்படி வந்தவை.

இதில் தப்பில்லை. ஆனால் பட்டறையில் வருகிற பாதிக் கோளாறுக்கு இந்த டப்பாக்களே காரணமாக இருக்கும். நாம் வெள்ளியைச் சந்தேகப்படுவோம், துண்டுகளை ஒட்ட உருக்கி வைக்கும் பற்றாசைச் சந்தேகப்படுவோம், வேலை பழகும் பையனைக்கூடச் சந்தேகப்படுவோம். டப்பாவைப் பார்க்க மாட்டோம். எந்தக் கோளாறு வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்த டப்பாவில் முன்பு என்ன இருந்தது, எதனால் செய்தது, வாயும் மூலையும் எப்படி இருக்கின்றன. இனி ஒவ்வொரு கோளாறாக.

மெருகு போட்ட சலங்கை டப்பாவுக்குள்ளேயே கறுக்கிறது

அடிக்கடி வரும் தொல்லை இதுதான். வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலம் உண்டாகிறது. ஆகவே தேட வேண்டியது கந்தகத்தை. கறுப்பு எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கோடு கோடாகக் கறுத்திருந்தால் ரப்பர் பேண்ட். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்த்தே பக்குவப்படுத்துகிறார்கள். பத்து ஜோடிக் கொலுசைக் கட்டுக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், பேண்ட் தொட்ட இடம் சில நாளில் காட்டிக் கொடுத்துவிடும். மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள பாட்டில்களுக்கும் இதே கதைதான். பருத்தி நூலால் கட்டுங்கள்.

புள்ளி புள்ளியாகவோ விரல் ரேகை மாதிரியோ இருந்தால் அது கை வியர்வை. டப்பா மேல் குற்றமில்லை. மெருகுக்குப் பிறகு வெறுங்கையால் தொடாமல் துணியால் எடுங்கள்.

ஒரே சீராக முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு என்று போனால் டப்பாவே ஆவி விடுகிறது என்று அர்த்தம். இங்கேதான் பெருங்காய டப்பா வருகிறது. வாழ்ந்து கெட்டவர்களைப் பார்த்து ‘பெருங்காயம் வைத்த டப்பா’ என்போமே, அந்தச் சொலவடை வேதியியலாகவும் சரி. பெருங்காயத்தின் நெடியே அதிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே விடும். நான் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வாசனை போய்விட்டது என்று நம்பித்தான் சலங்கையைப் போட்டேன். ஒரு வாரத்தில் சலங்கை பித்தளை நிறத்துக்கு வந்துவிட்டது. பூண்டு, வெங்காயப் பொடி வைத்த பிளாஸ்டிக்கும் அப்படித்தான். கண்ணாடியில் இந்தப் பிரச்சினை இல்லை. அது எதையும் உறிஞ்சாது.

தீப்பெட்டியும் எதிரிதான். மூக்குத்தி, திருகு, சின்ன வளையம் எல்லாம் தீப்பெட்டியில் போட்டு வைப்பது நம் வீட்டுப் பழக்கம். தீக்குச்சி மருந்தில் கந்தகம் உண்டு, அதன் தூள் பெட்டி மூலையில் ஒட்டியிருக்கும். செய்தித்தாள், பழுப்பு அட்டைப்பெட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுப்புக் காகிதக் கூழ் தயாரிப்பிலேயே கந்தகச் சேர்மங்கள் பயன்படுகின்றன. பளபளக்கும் ரெக்சின் பை இன்னொன்று. அது பிவிசி, நாளாக நாளாக வெள்ளிக்கு ஆகாத ஆவியை விடும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. நன்றாக மெருகிட்ட ஒரே கம்பியை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சந்தேக டப்பாவிலும் இன்னொன்றைக் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலிலும் மூடி வையுங்கள். பத்து நாள் கழித்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். இது என் மூளையில் உதித்ததில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973ல் இதே யோசனையை முறையான சோதனையாக்கினார். காட்சிப் பெட்டிக்குப் போடும் துணி, மரம், பெயிண்ட் எதுவானாலும் வெள்ளி, ஈயம், செம்பு துண்டுகளோடு சேர்த்து மூடி, கொஞ்சம் ஈரத்தோடு 60 டிகிரியில் 28 நாள் வைத்து, உலோகம் கெடுகிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு அத்தனை கண்டிப்பு வேண்டாம், சேலத்து வெயில் பாதி வேலையைச் செய்துவிடும்.

கறுத்ததை மீட்க, எவர்சில்வர் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, மேலே வெள்ளியை வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுங்கள். வெள்ளி தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கந்தகம் வெள்ளியை விட்டுவிடும், அழுகின முட்டை வாடை வரும், வெள்ளி வெளுக்கும். வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாட்டுக்கும் கல், எனாமல் வைத்ததற்கும் இதைச் செய்யாதீர்கள். ஆசையாக ஏற்றிய கறுப்பும் சேர்ந்து போய்விடும். அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டால் பழைய பளபளப்பு.

எடை சேரவில்லை

கொடுத்த வெள்ளி, வந்த கொலுசு, வெட்டுத்துண்டு, அரத்தால் ராவும்போது விழும் ராவுத்தூள், ஒப்புக்கொண்ட சேதாரம் எல்லாம் கூட்டினாலும் சில கிராம் இடிக்கிறது. தராசைத் திட்டுவதற்கு முன்னால் மூடியைப் பாருங்கள்.

எங்கள் பட்டறையில் ஒருமுறை 9 கிராம் குறைந்தது. பையன் முகம் வாடிப்போய், ‘அண்ணா, நான் எடுக்கலைண்ணா’ என்றான். நான் அவனைக் கேட்கவே இல்லை. கேட்டுவிடுவேனோ என்று அவனே பயந்துவிட்டான். கடைசியில் பார்த்தால் இரண்டு பாட்டில்களின் மூடி மாறியிருந்தது. ஒன்று கனமான பழைய தகர மூடி, இன்னொன்று லேசான பிளாஸ்டிக். காலியெடை எழுதியது தகர மூடியோடு, மாலையில் நிறுத்தது பிளாஸ்டிக் மூடியோடு. அன்றிலிருந்து காலியெடையை டப்பாவில் ஓரிடம், மூடியில் ஓரிடம் தனித்தனியாகக் கீறி வைக்கிறேன். நிறுக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு நிறுப்பது இன்னும் நல்லது.

மூடி சரியாக இருந்தால் அடுத்தது தூள் ஒளியும் இடங்கள். திருகு மூடியின் மரை, தகர டப்பாவின் மடிப்பு விளிம்பு, சதுர டப்பாவின் நான்கு மூலை. ராவுத்தூளுக்கு இவை மூன்றும் ஆகாது. மடிப்பே இல்லாமல் அழுத்தி எடுத்த, அடி வளைந்த எவர்சில்வர் கிண்ணம்தான் தோது. பழைய இட்லித் தட்டு பிரமாதம். குழிக்குழியாகப் பிரித்தும் வைக்கலாம், பிரஷால் ஒரு சுற்றுச் சுற்றினால் தூள் முழுக்க நடுவுக்கு வந்துவிடும். ஓட்டை போட்ட தட்டை எடுத்துவிடாதீர்கள். எடுத்தவர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம், இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

மாசி, பங்குனி வறட்சியில் பிளாஸ்டிக் டப்பாவின் உள்சுவரில் தூள் தானாக ஏறி ஒட்டிக்கொள்ளும். தட்டினாலும் விழாது. உராய்வில் ஏறிய மின்சாரம் அது. துளி சோப்பு கலந்த ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் சில நாளுக்கு அடங்கும். எவர்சில்வருக்கு மாறிவிட்டால் தொல்லையே இல்லை.

பழைய டப்பாவைக் குப்பையில் போடுமுன் கழுவிய தண்ணீரைக்கூடத் தெளியவிட்டு வண்டலை எடுங்கள். பட்டறை கூட்டிய மண்ணையே காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கும்போது, டப்பா வண்டலை நாம் ஏன் சாக்கடையில் விட வேண்டும்?

வெளுப்புத் தண்ணீரில் போட்ட வெள்ளி செம்பு நிறமாக வருகிறது

பற்ற வைத்த கொலுசை, கறை போக அமிலத் தண்ணீரில் போட்டு எடுத்தால் வெள்ளையாக வர வேண்டும். இளஞ்சிவப்பாக வந்தால் இரும்பு எங்கோ உள்ளே போயிருக்கிறது. நாள்படப் பழகிய தண்ணீரில், வெள்ளியோடு கலந்திருந்து கரைந்த செம்பு நிறைய இருக்கும். இரும்பு உள்ளே வந்ததும் அந்தச் செம்பு வெள்ளி மேல் போய்ப் படிகிறது. இரும்புச் சாமணம், கட்டுக்கம்பித் துண்டு, பெயிண்ட் டப்பா, பூச்சு உரிந்த எனாமல் கிண்ணம், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். தேடி எடுங்கள். படிந்த செம்பு போகவில்லை என்றால் தண்ணீரைப் புதிதாக மாற்றுங்கள்.

இந்த வேலைக்கு வீட்டுச் சாமான்களில் ராஜா ஊறுகாய் ஜாடிதான். உப்பையும் எலுமிச்சைப் புளிப்பையும் வருடம் முழுக்கத் தாங்கின பீங்கான், நம் தண்ணீரையும் தாங்கும். நேரடியாக அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஜாடியை இறக்குங்கள். எடுக்க மூங்கில் குச்சியோ செம்புச் சாமணமோ போதும்.

சின்ன வேலைக்குத் திராவகமே வேண்டாம். படிகாரம் கரைத்த சூடான தண்ணீர், புளித்தண்ணீர், எலுமிச்சை உப்பு மூன்றும் மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். அவசரத்துக்குத்தான் திராவகம், அவசரப்பட்ட வேலையில்தான் விபத்தும்.

பாட்டில் உப்புகிறது, கசிகிறது, அடி வெள்ளை பூக்கிறது

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் மேசையில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் எழுந்து போய் அதைப் பாருங்கள்.

திராவகத்துக்குப் பழைய டப்பா கிடையாது. கடையில் எந்தப் பாட்டிலில் வந்ததோ அந்தப் பாட்டிலிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், குளிர்பானப் பாட்டில் எல்லாம் பெட் என்ற பிளாஸ்டிக்; அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். கெட்டியான கந்தகத் திராவகம் அதைத் தின்றுவிடும். பால் கேன், ஷாம்பு டப்பா மாதிரி 2 போட்ட பிளாஸ்டிக், நீர்த்த அமிலத்தைத் தாங்கும். கெட்டியான நைட்ரிக் நாள்பட அதையும் மொறுமொறுப்பாக்கி உடைத்துவிடும். வேலை நடக்கும் ஜாடியையும் இறுக மூடக்கூடாது. உள்ளே வாயு கட்டினால் வழி வேண்டும்.

பிளாஸ்டிக் தாங்குகிறதா இல்லையா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டில் என்றால் குடிப்பதற்கு என்று கைக்குத் தெரியும். யோசிக்காமல் வாய்க்குப் போகும். எங்கள் தெருவிலேயே ஒரு பட்டறையில், வெயிலில் வந்த சின்னப் பையன் ஜன்னலோரம் இருந்த பாட்டிலைத் திறந்துவிட்டான். மூக்கில் காரம் ஏறியதால் கீழே போட்டான், காலில் தெறித்ததோடு போயிற்று. அந்தக் காரம் ஏறாத நீர்த்த தண்ணீராக இருந்திருந்தால் குடித்திருப்பான். குடிக்கிற, தின்கிற பொருளின் வடிவத்தில் உள்ள எந்தப் பாத்திரத்திலும் இதை ஊற்றாதீர்கள். ஊறுகாய் ஜாடியைப் பயன்படுத்துவதானால் சுற்றிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். நான் அடித்திருக்கிறேன், அம்மா அந்த ஜாடிக்கு ‘மாரியாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

திராவகத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவசரத்தில்தான் மறக்கும். சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கின பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உடம்பில் பட்டால் சோடா தேட வேண்டாம்; குழாயைத் திறந்து இருபது நிமிடமாவது கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, கடைக்காரர் அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் திராவகம் கொடுக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக்கூடாது. அதனால் வேலை பழகும் பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள்.

வெங்காரம் கட்டி தட்டுகிறது, அல்லது பொங்கிப் பற்றாசைத் தள்ளிவிடுகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, தண்ணீர். பற்ற வைக்கும் இடத்தில் பூசுகிற சாதாரண வெங்காரத்தில் (போராக்ஸ்) எடைக்குக் கிட்டத்தட்டப் பாதி படிக நீர்தான். அடுப்பு ஓரம் வைத்த டப்பாவில் சூடு ஏறி அந்த நீர் வெளியே வந்து, இரவில் குளிர்ந்ததும் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. பெரிய டப்பாவை ஊதுகுழல் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாயகன்ற சின்னக் கண்ணாடி ஜாடியில் எடுங்கள். ஜாம் பாட்டில் போதும். குறுகின வாய் ஆகாது, ஈரக் குச்சி உள்ளே போய் வந்து மொத்தத்தையும் கெடுக்கும்.

தீ காட்டியதும் பொங்குவதும் அதே நீர் ஆவியாவதுதான். சித்த மருந்துக்காரர்கள் செய்வது போல இரும்புக் கரண்டியில் பொரித்துப் பொடித்து வைத்துக்கொண்டால் பொங்கல் குறையும். ஆனால் பொரித்த வெங்காரம் ஈரத்தை மறுபடி இழுக்கும், அதற்கு மூடி இறுக்கமான பாட்டில் வேண்டும்.

பற்றாசு வைக்கும் டப்பாவைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. கே.டி.எம். என்று நாம் சொல்லும் காட்மியம் கலந்த பற்றாசு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதை வெட்டி வைத்த டப்பா எத்தனை கழுவினாலும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. காட்மியம் இல்லாத பற்றாசு கிடைக்கிறது, அதற்கு மாறுவதுதான் சரி.

டப்பா கோணுகிறது, அடி ஒட்டிக்கொள்கிறது

சூடு ஆறாத கொலுசைப் பிளாஸ்டிக்கில் போட்டிருக்கிறீர்கள். பெட் பாட்டில் 70, 80 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். 5 என்று போட்ட டப்பா கொதிநீரைத் தாங்கும், தீயிலிருந்து வந்ததைத் தாங்காது. வெள்ளி 962 டிகிரியில் உருகுகிற சாமான், பற்றாசு அதற்குக் கீழே. அங்கிருந்து இறங்கி வருவதற்கு எவர்சில்வர் தட்டுதான் இடம்.

சலங்கை, வளையம், கொக்கி எல்லாம் கலந்துவிடுகிறது

அஞ்சறைப்பெட்டியைவிட நல்ல பட்டறைப் பெட்டியை இதுவரை யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி. வட்டக் கிண்ணம், மடிப்பில்லாத எவர்சில்வர், ஒரே பார்வையில் எல்லாம் தெரியும், கிண்ணத்தைத் தனியே எடுத்துத் தராசில் வைக்கலாம். ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தால் சலங்கை ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் காரணம். உள்மூடி உள்ள இரட்டை மூடிப் பெட்டியாகப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், பருத்தித் துணியைப் பல மடிப்பாக வைத்து மூடினால் இடைவெளி அடைபடும். மசாலா வாசனை பற்றிய கவலை வேண்டாம், எவர்சில்வர் வாசனையைப் பிடித்து வைக்காது. சூடாகக் கழுவினால் போதும்.

இன்னொரு காரணம், வளையத்தின் அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது. பக்கத்துப் பக்கத்து அளவை அடுத்தடுத்த கிண்ணத்தில் போடாமல் எதிரெதிர்க் கிண்ணத்தில் போடுங்கள். தப்பி விழுந்தாலும் உடனே தெரியும்.

ஏற்காட்டில் மட்டும் அரம் துருப்பிடிக்கிறது

என் சித்தப்பா மகன் ஏற்காட்டில் சின்னதாகப் பழுது வேலை பார்க்கிறான். சேலத்திலிருந்து நான் மூடிக் கொடுத்த அதே பிஸ்கட் டின், அங்கே போய் ஒரு மாதத்தில் உள்ளே துரு. டின் ஓட்டை என்று சண்டைக்கு வந்தான். ஓட்டையில்லை. இங்கே வெக்கையில் மூடியபோது உள்ளே அடைபட்ட காற்றில் ஈரம் உண்டு. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அந்த ஈரம் நீராக அரத்தின் மேல் இறங்கியது. நன்றாக மூடும் டின்னாக இருந்ததால் வெளியே போகவும் வழியில்லை. அங்கே போய்த் திறந்து, அரத்துக்குத் துணியால் மெஷின் எண்ணெய் காட்டி, மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்து போட்டு மூட வேண்டும். அந்தப் பைகள் வருடக்கணக்கில் வேலை செய்யாது. ஈரம் குடித்தது தளர்ந்துவிடும், மணிகளைக் கொட்டி மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். யாரோ சொன்னார்கள் என்று உப்பைப் போடாதீர்கள், துருவுக்கு அதைவிடத் தோழன் இல்லை.

ஒட்டின சீட்டு உரிகிறது

காகிதச் சீட்டு வேண்டாம். எவர்சில்வரில் பாத்திரக்கடைக்காரர் பெயர் வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடியில் நெயில் பாலிஷால் எழுதுங்கள்.

சமையலறையில் டப்பா காணவில்லை

‘ஏன்டா கண்ணு, கடுகு டப்பாவ எங்கடா வெச்ச?’ என்று குரல் வந்தால் கோளாறு முற்றிவிட்டது. கழுவித் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்யத் தோன்றும். பற்றாசோ திராவகமோ பட்டதாக இருந்தால் திருப்பிக் கொடுக்கவே கூடாது, திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாத்திரக் கடையில் எடைக்குக் கிடைக்கும், புதிதாக ஒன்று வாங்கி அடுப்படியில் வையுங்கள். நான் ஒரே சமயத்தில் இரண்டு அஞ்சறைப்பெட்டி வாங்குகிறேன். ஒன்றின் அடியில் ஆணியால் ‘ப’ என்று கீறியிருக்கும், அது பட்டறைக்கு.